அப்பாவக் கூட்டிட்டு வா

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா" என்று ஒரு டீச்சர் சொன்னால், அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ் பேசுகிற எந்தப் பிள்ளைக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் குற்றம் குறை ஒன்றும் கிடையாது. நாளை நல்ல சொல். அப்பா அதைவிட நல்ல சொல். கூட்டிக்கொண்டு வருவதும் மரியாதைக்குரிய காரியம்தான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு டீச்சரின் வாயிலிருந்து வரும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இது அந்தத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியைக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். பாவம், வாழ்நாளெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லியே பழகிவிட்டவர். யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. சின்ன வயதிலும் முதல் பெஞ்சு, எண்ணெய் வழியாத பின்னல், கிழியாத நோட்டு. அப்படிப்பட்டவர் வெளியூரில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, "பெற்றோர் ஈடுபாடு" என்ற இரண்டு சொற்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். வந்த வேகத்திலேயே டீச்சர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பெத்தவங்க எல்லாம் கேட்டோட நின்னுடறாங்க. பிள்ளைய இறக்கி விட்டதும் ஒரே ஓட்டம். உள்ள வரணும். இது நம்ம பள்ளிக்கூடம்னு அவங்க நினைக்கணும். வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வெப்போம். எல்லாரையும் அன்பா கூப்பிடுங்க."

டீச்சர்கள் தலையை ஆட்டினார்கள். வகுப்புகளுக்குப் போய், தங்களுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அன்பாகக் கூப்பிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரணும். கூட்டிட்டு வராதவங்க கிளாசுக்குள்ள கால் வெக்கக் கூடாது."

அந்த அன்பு மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு சிறுமியின் வழியாக ஒரு பஸ் கண்டக்டரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கண்டக்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒரு திறமை உண்டு, அல்லது உண்டு என்று அவர் நம்பினார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். பஸ்ஸில் எத்தனை கூட்டமிருந்தாலும் சரி, மூன்றே அடையாளங்கள்தான். ஒன்று, ஆள் நம்மைப் பார்க்க மாட்டான். ஜன்னலுக்கு வெளியே இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு கன்னத்துக்குள்ளேயே ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருப்பான். மூன்று, கேட்பதற்கு முன்பே பதில் சொல்லுவான். "இந்த மூணும் ஒரு மூஞ்சில இருந்தா, அவன் சொந்த மச்சானா இருந்தாலும் எந்திரிக்கச் சொல்லிடுவேன்" என்று பஸ் டிரைவரிடம் அடிக்கடி பெருமையடிப்பார். டிரைவரின் பையனும் அதே பள்ளியில்தான் நாலாம் வகுப்பு. "உங்களுக்கென்ன கண்டக்டரே, என் பையன் வாயத் தொறந்தாலே பொய்தான். நான் மூஞ்சியெல்லாம் பாக்கறதே இல்ல" என்பார் டிரைவர்.

பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் சாயங்காலம் கண்டக்டருக்குக் கால் வீங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொள்வார். எதிரே கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் மகள் வந்து உட்காருவாள். "ரேடியோவப் போடு" என்பார் அவர். ரேடியோ என்பது மகளுக்கு அவர் வைத்த பெயர். உடனே ஒலிபரப்பு தொடங்கிவிடும். யார் யாருடைய ரப்பரைக் கடித்துத் தின்றது, கணக்கு டீச்சர் தும்மினால் எத்தனை தும்மல், எந்தப் பையன் எதற்கு அழுதான், அழுத பிறகு எதற்குச் சிரித்தான், எல்லாம் ஒன்றுவிடாமல் வரும். பாதி அவர் காதில் ஏறாது. ஆனாலும் தண்ணீர் ஆறுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சுகம் கிடையாது. பகலெல்லாம் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் அவரைத் திட்டுகிறார்கள், தள்ளுகிறார்கள், நிறுத்தத்தை மாற்றிச் சொல்லிப் பொய் சொல்கிறார்கள். சாயங்காலம் ஒரே ஒரு ஜீவன் எதிரே உட்கார்ந்து எதையும் மறைக்காமல் பேசுகிறது. "என் பொண்ணு என்கிட்ட ஒண்ணையும் ஒளிக்க மாட்டா" என்று சொல்லிக்கொள்ளும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அது ஒன்று போதும் என்றுதான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ரேடியோ தானாகவே பாடத் தொடங்கியது.

"அப்பா, வெள்ளிக்கிழமை உங்களையும் அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான் ஒண்ணும் பண்ணலப்பா."

வாளிக்குள் அளைந்துகொண்டிருந்த கால் அப்படியே நின்றுவிட்டது. கேட்பதற்கு முன்பே பதில்.

கண்டக்டர் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கொடியில் காய்கிற துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. இரண்டு கன்னத்துக்குள்ளும் ஏதோ ஒன்று வெளியே வரத் துடித்துக்கொண்டிருந்தது. மூன்று அடையாளமும் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டன.

"என்ன பண்ணுன?"

"ஒண்ணுமே பண்ணலப்பா. எல்லாரையும்தான் கூப்பிட்டாங்க."

"எல்லாரையுமா?"

"ஆமாப்பா."

கண்டக்டரின் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகிய நிதானம் அவரிடம் உண்டு. சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "எல்லாரையும் கூப்பிட்டிருந்தா ஏதாவது மீட்டிங்கா இருக்கும். குழந்தைய ஏன் போட்டு உலுக்கறீங்க?"

"உனக்குத் தெரியாது. பஸ்ல டிக்கெட் எடுக்காதவனும் இதத்தான் சொல்லுவான். எல்லாரும் எடுத்தாச்சும்பான்."

அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அவருடைய அப்பாவையும் ஒருமுறை இப்படிக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா வந்தார். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றினார். வாத்தியார் வாயைத் திறப்பதற்கு முன்பே, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நிற்க வைத்து மகனை ஓங்கி ஓர் அறை விட்டார். அதன் பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் பையன் அன்றைக்குக் குற்றவாளிதான். பள்ளிக்கூட மணி அடிக்கிற சுத்தியலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டிருந்தான். ஆனாலும் அந்த அறையைவிட, அத்தனை பேர் முன்னால் நின்றது இன்னும் எரிந்துகொண்டேயிருந்தது. தனக்கொரு பிள்ளை பிறந்தால் ஒருநாளும் கை ஓங்குவதில்லை என்று அவர் வைராக்கியம் எடுத்துக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை காப்பாற்றியும் வந்தார்.

ஆகவே அவர் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அதைவிட உயர்ந்த ஒரு முறையைக் கையாண்டார்.

"அப்பா அடிப்பேனா?"

"மாட்டீங்க."

"திட்டுவேனா?"

"மாட்டீங்க."

"அப்புறம் என்ன பயம்? உண்மைய மட்டும் சொல்லிடு. சொல்லிட்டா அப்பா உன் பக்கம்."

"உண்மையா ஒண்ணும் இல்லப்பா."

"சரி. நீ சொல்ற வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

உட்கார்ந்தே இருந்தார். வாளித் தண்ணீர் ஆறிச் சில்லென்று ஆனது. மகள் கவிழ்ந்த பக்கெட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தான் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு அன்பானவன் என்று கண்டக்டருக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. அறை என்றால் பளாரென்று விழுந்து முடிந்துபோகும். இந்தப் பொறுமைக்கு முடிவே கிடையாது என்பது எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தானே தெரியும். கடைசியில் மனைவி வந்து, "கால் ஊறிப் போய் மீன் மாதிரி ஆயிடுச்சு, எந்திரிங்க" என்று அதட்டிய பிறகுதான் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் பஸ்ஸில் அவருக்கு மனசே சரியில்லை. ரேடியோ முதல்முறையாக எதையோ ஒளிக்கிறது. அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. டிரைவரும் அன்றைக்கு உம்மென்று இருந்தார். "உங்களையும் கூப்பிட்டிருக்காங்களா?" என்று கேட்க இவருக்கு வெட்கம். அதையே கேட்க அவருக்கும் வெட்கம். இரண்டு பேரும் பகல் முழுக்க டயரைப் பற்றியே பேசினார்கள்.

சாயங்காலம் அவர் வாளியில் காலை விட்டதுதான் தாமதம், மகள் எதிரே வந்து நின்றாள். உட்காரவில்லை.

"அப்பா, பெரிய டீச்சர் ரூம்ல இருக்கற உலக உருண்டைய நான்தான் உடைச்சேன்."

எங்கும் தடுமாறாமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. உருண்டை உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும், மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள். ஈரக் காலோடு எழுந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா? இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

உண்மை பேசியதற்குப் பரிசாக அவர் அவளைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவள் அதைச் சொட்டவிடாமல், கவனமாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் வெற்றியை அறிவித்தார். மனைவி கேட்டார்:

"பெரிய டீச்சர் ரூமுக்கு இவ எதுக்குப் போனா?"

"போயிருப்பா."

"எப்படி உடைஞ்சுது?"

"கை பட்டு உடைஞ்சுதாம்."

"எந்தக் கை?" என்று மனைவி மகளிடம் திரும்பினார்.

"ரெண்டும்" என்றாள் மகள், சற்று யோசித்து.

"எனக்கென்னமோ இது சரியாப் படல. டீச்சர ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

கண்டக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதுதான் உன்கிட்ட. குழந்தை மனசத் தொறந்து சொல்லுது, நீ நம்ப மாட்டேங்கற. பெத்தவங்களே நம்பலன்னா அது யார்கிட்டதான் போய் உண்மையப் பேசும்?"

இப்படிப் பேசக்கூடிய அப்பாக்களைத்தான் பெரிய டீச்சர் தேடிக்கொண்டிருந்தார் என்பது கண்டக்டருக்கு அப்போது தெரியாது.

அடுத்த இரண்டு நாளும் மகள் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் கதவில் காதை வைத்துக் கேட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே... உங்கள் முன் நிற்பதில்... தவறு இருந்தால்..." மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"அங்க நீ வாயத் தொறக்க வேண்டாம். அப்பா பேசிக்கறேன்."

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லப்பா, நான்தான் பேசணும். டீச்சர் என்னையத்தான் பேசச் சொன்னாங்க."

எவ்வளவு தைரியம் என்று அவர் அசந்துபோனார். அந்த டீச்சர் எவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்றும் நினைத்துக்கொண்டார். அன்றைக்கே ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, ஒரு புது உலக உருண்டையை வாங்கி வந்துவிட்டார். உள்ளே விளக்கு எரிகிற உருண்டை. விளக்கு எரியாததுதான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். இந்த வாரம் என்னவோ எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை வந்தது.

இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த தடுப்பை மடக்கி ஒரே கூடமாக்கியிருந்தார்கள். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மோவாய்க்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓர் ஆள் கிடையாது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. டீச்சர்கள் யாராவது பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுபோகும். ஒருவர் காகிதத்தில் சுற்றிய ஜன்னல் கண்ணாடியை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். இன்னொரு அம்மாவிடம் புதுக் குழாய் ஒன்று இருந்தது. கண்டக்டர் உருண்டையை ஒரு துணிப்பைக்குள் மறைத்து, காலுக்கடியில் வைத்துக்கொண்டார். பக்கத்துப் பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு பை. அதுவும் உருண்டையாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துவிட்டு, விட்டத்தைப் பார்த்தார்கள்.

பெரிய டீச்சருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இப்படிக் கூடம் நிறைந்து அவர் பார்த்ததே இல்லை. மைக்கைத் தட்டினார்.

"முதலில், நமது மூன்றாம் வகுப்பு மாணவி..." என்று தொடங்கியதும் மைக் கீச்சென்று ஒரு கூச்சல் போட்டது. மீதி வார்த்தைகள் அந்தக் கூச்சலில் போய்விட்டன. ஆனால் பின்னல் போட்ட ஒரு சிறுமி மேடையேறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எல்லோருக்கும் தெரிந்தது.

கண்டக்டரின் மகள்.

அத்தனை பேருக்கும் முன்னால் நிற்க வைக்கிறார்கள். அவருக்கு அதன் பிறகு காதில் எதுவும் விழவில்லை. பழைய வகுப்பறையும் பழைய வாசலும் கழற்றிப் போட்ட ஒரு ஜோடிச் செருப்பும்தான் கண் முன்னால் வந்தன. என் பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது என்று அவர் உள்ளே ஏதோ ஒன்று கத்தியது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார், பிடி வழுகிப்போனது. பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுகளின் நடுவே தட்டுத் தடுமாறி, கண்டக்டர் மேடைக்கு ஏறிவிட்டார்.

"மேடம், குழந்தைய நிக்க வெக்காதீங்க. நான்தான் அப்பா. எது கேக்கணும்னாலும் என்னையக் கேளுங்க. உருண்டைய இவ வேணும்னு உடைக்கல, கை பட்டு உடைஞ்சிருச்சு. வீட்டுல அவளே வந்து ஒத்துக்கிட்டா. இந்தாங்க, புதுசு வாங்கிட்டு வந்துட்டேன். இதுல உள்ள விளக்கே எரியும்."

பையைத் திறந்து உலகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டிரைவர்தான் முதலில் எழுந்தார். "கண்டக்டரே, என்ன சொல்றீங்க? உருண்டைய உடைச்சது என் பையன். ரெண்டு நாள் விசாரிச்சு வாங்கினேன்."

"உங்க பையனா? என் மகன்தான் உடைச்சான்னு அழுதுக்கிட்டே சொன்னானே" என்றார் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா. அவரும் பையோடு எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பாப்பாவும் அதத்தானே சொல்லுச்சு" என்று இன்னொருவர் மெல்ல மடியிலிருந்த பையைத் தொட்டுக் காட்டினார்.

பெரிய டீச்சர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"எந்த உருண்டை? என் ரூம்ல இருந்ததா? அது என் கையில இருந்துதானே விழுந்துச்சு. அலமாரிக்கு மேல தூசி தட்டும்போது நானேதான் கீழ போட்டேன். குப்பைக் கூடையில போட்டத பசங்க பாத்திருப்பாங்க. அதுக்கு ஏன் நீங்க எல்லாரும்..."

முதலில் எங்கோ ஒருவர் களுக்கென்றார். பிறகு கூடமே சிரித்தது. ஜன்னல் கண்ணாடி வைத்திருந்தவர் அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். கண்டக்டரும் சிரிக்கப் பார்த்தார். முகத்தில் அசடுதான் வழிந்தது. ஒரு குற்றவாளியும் இல்லாத கூடத்தில், தண்டனையெல்லாம் ஏற்கெனவே முடிந்துபோய் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, சரி. நீங்க உக்காருங்க சார்" என்றார் பெரிய டீச்சர். "குழந்தை வரவேற்புரை சொல்லணும். அதுக்காகத்தான் மேடையேத்தினோம். வீட்டுல சொல்லாதே, அப்பா அம்மா பாத்து அசந்து போகட்டும்னு அவ டீச்சர் சொல்லி வெச்சிருந்தாங்க. பாவம், எத்தனை நாளா அடக்கி வெச்சிருந்தாளோ."

கண்டக்டர் படியிறங்கினார். இறங்கும்போதுதான் அது அவருக்குப் புரிந்தது. துண்டைப் பார்த்த கண், கன்னத்துக்குள் துடித்த சிரிப்பு, முந்திக்கொண்ட வாய். அது டிக்கெட் எடுக்காத முகம் இல்லை. சொல்ல முடியாத சந்தோஷத்தை அப்பாவுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகம்.

மகள் பேசினாள். "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே, அன்பான பெற்றோர்களே, உங்கள் முன் நிற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். எங்கள் பள்ளி உங்கள் பள்ளி. எங்களிடம் தவறு இருந்தால் அன்போடு திருத்துங்கள்." ஒரு சொல்கூட பிசகவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தே சொல்லி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். கண்டக்டர்தான் அதிக நேரம் தட்டினார். அவருக்கு அழுகையாக வந்தது.

அன்று பெரிய டீச்சர் பயிற்சி கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்பினார். பெற்றோர் ஒருவர் விடாமல் வந்ததாகவும், தாங்களாகவே மேடையேறிப் பேசியதாகவும், பள்ளிக்கு உருண்டைகளும் கண்ணாடியும் குழாயும் மனமுவந்து கொடுத்ததாகவும் அதில் இருந்தது. ஒரு வார்த்தையும் பொய் கிடையாது. ஒரே ஓர் உலகத்தை வைத்துக்கொண்டு தவித்த பள்ளியில் அதற்குப் பிறகு வகுப்புக்கு வகுப்பு ஓர் உலகம் சுற்றியது. இனி மாதாமாதம் கூட்டம் என்று முடிவாயிற்று. பெற்றோர் குழுவுக்குத் தலைவராக, முதலில் துணிந்து மேடையேறிய கண்டக்டரையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி சேலையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "குழந்தைக்குப் பொய்ய ஊட்டி விட்டது நீங்கதான். அதுக்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் குடுத்தீங்க."

கண்டக்டர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எல்லார் வீட்லயும் கேட்டாங்கப்பா. யாரும் ஒண்ணும் பண்ணல. அதான் ஸ்கூல்ல உடைஞ்சத எல்லாம் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். கண்ணாடிய அஞ்சாம் வகுப்பு அண்ணனுங்க எடுத்துக்கிட்டாங்க. குழாய ரெண்டாம் வகுப்புக்குக் குடுத்தாங்க. எங்களுக்கும் நாலாம் வகுப்புக்கும் உருண்டைதான் மிச்சம் இருந்துச்சு."

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் கண்டக்டர்.

"பரவால்லப்பா" என்றாள் மகள். ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தாலோ கோபித்துக்கொண்டிருந்தாலோ அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸிலும் முகம் பார்த்துப் பிடிக்கிற அவர் திறமை ஓய்ந்துதான் போனது. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பழக்கதோஷத்தில் டிக்கெட் கேட்டுவிட்டார். அவள் டிக்கெட்டை நீட்டிவிட்டு, "அக்காவுக்குக் குழந்தை பொறந்திருக்குங்க" என்றாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாளியும் வெந்நீரும் மட்டும் மாறவில்லை. சாயங்காலமானால் மகள் வந்து உட்காருவாள். "ரேடியோவப் போடு" என்றால் போடுவாள். அன்றைக்கு என்ன பாடம், எந்த டீச்சர் லீவு, மதியம் மழை வந்ததா இல்லையா. எல்லாம் ஒழுங்காக, சுருக்கமாக வரும். எந்தப் பையன் எதற்கு அழுதான் என்பது வருவதில்லை. "வேற என்னம்மா?" என்று கேட்டால், "அவ்வளவுதாம்பா" என்பாள்.

மாதம் ஒன்று ஓடிவிட்டது. ஒரு சாயங்காலம் மகள் வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

தலைவருக்குத் தெரியாதா என்ன, தேதி குறித்ததே அவர்தான். அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். மகள் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் இறுக்கமில்லை, கன்னத்துக்குள் ஒன்றுமில்லை. அவர் கேட்கிற வரைக்கும் காத்திருக்கிற பிள்ளையாக நின்றாள். எந்தக் கண்டக்டரும் சந்தேகப்பட முடியாத முகம்.

அவர் எதுவும் கேட்காததால் அவளே கேட்டாள். கிண்டல் இல்லை, கடைக்குப் போகிறேன், என்ன வாங்கி வர என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"இந்தத் தடவ எத உடைச்சேன்னு சொல்லட்டும்பா?"

கண்டக்டர் வாளியிலிருந்து காலை வெளியே எடுத்தார்.

"ஒண்ணும் பண்ணலன்னு சொல்லும்மா" என்றார்.

"அன்னிக்கும் அதத்தானேப்பா சொன்னேன்" என்றாள் மகள்.